பாக்கெட்டுக்குள் ஒரு கை

பயிற்சி அறைக்குள் ஓசூர் வெயில் சாய்ந்து விழுகிறது. பழைய லேத்தோடு பாதி ஆயுளைக் கழித்த பெரியதம்பி, கம்ப்யூட்டரில் ஓடும் புது சிஎன்சி மெஷின் முன்னால் வலது கையைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நிற்கிறார். இன்றைய தேர்வில் தேறாவிட்டால் நாளை முதல் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும். பழைய லேத் விலாவில் ஓங்கி ஒன்று கொடுத்தால்தான் கிளம்பும். இதுவோ கதவு லேசாக அதிர்ந்தாலே சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடுகிறது. வாரம் முழுக்க இவர் தட்டுவதும், அது நிற்பதும், இவர் திரும்ப ஓட்டுவதுமாக இதே கூத்து. "இன்னைக்காவது அடிக்காதீங்கண்ணா," என்கிறாள் பயிற்சி தரும் ப்ரீதா. "நான் எங்க மேடம் அடிக்கிறேன், கைதான் தானா போவுது." அடுத்துத் தேர்வுக்குக் காத்திருக்கும் மாதவன், "குந்தாரப்பள்ளி சந்தையில மாடு தட்டிப் பழகின கை மேடம்," என்கிறான். சிரிப்பு. பெரியதம்பி இடது கை விரலால் பட்டனை அமுக்குகிறார். மெஷின் முனகுகிறது, சூடு தணிக்கும் கூலன்ட் பால்போலப் பீச்ச, இரும்புச் சுருள்கள் மின்னி உதிர்கின்றன. வேலை கச்சிதமாக முடிகிறது. "பாத்தீங்களா!" பூரிப்பில் வெளியே வந்த வலது கை மெஷினின் விலாவில் பளாரென்று விழுகிறது. சிவப்பு விளக்கு. ப்ரீதா பெருமூச்சு விடுகிறாள். "சரி, கடைசிக் கேள்வியே அதுதான். நின்ன மெஷின திரும்ப ஓட்டிக் காட்டுங்க." பெரியதம்பியின் விரல்கள் திரையைக்கூடப் பார்க்காமல் பட்டன்களின்மேல் ஓடுகின்றன. பச்சை விளக்கு எரிகிறது. மெஷினை ஒருநாளும் தட்டாத மாதவன் மெல்ல அவர் பக்கம் சாய்ந்து, "அண்ணா, எந்தப் பட்டன முதல்ல அமுக்குனீங்க?" என்கிறான்.