திறக்க மறுத்த அட்டவணைகள்

தரவைப் பூட்டிவைத்த குறியாக்கத்தை நீக்கக் கட்டளை கொடுத்தும் ரத்த வங்கியின் கொடையாளர் அட்டவணைகள் திறக்க மறுக்கின்றன. கண்ணாடிக் கதவில் சாய்வெயில். அவற்றைத் திறக்கும் குறியாக்கச் சாவிகள் இருக்கும் வாடகைக் கணினியை, தவணை முடிந்ததால் எடுத்துப்போக வந்தவர் வாசலில் நிற்கிறார். அது போய்விட்டால் அட்டவணைகளை இனி எவராலும் படிக்க முடியாது. வங்கியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய விரல்கள் மேசையைத் தட்டுகின்றன. எதையும் விளக்கியே தீருவதால் ‘வாத்தி’ என்று பெயரெடுத்த பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்க்கிறான். “பின்னால ஓடி வேலை செய்யற த்ரெட்டு நிரலையெல்லாம் ஏன் நிறுத்தின?” “இனிமே பூட்ட வேணாமேன்னுதான், வாத்தி.” “பூட்டுறதும் அதுங்கதான், திறக்கறதும் அதுங்கதான். வேலையாளை வீட்டுக்கு அனுப்பிட்டு வேலை நடக்கலேங்கற.” அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பூட்டும் அமைப்பை அணைத்தபடியே விட்டு, த்ரெட்டுகளை மட்டும் மறுபடி ஓடவிடுகிறாள். கணினியின் மின்விசிறிகள் இரைகின்றன. பூட்டிய அட்டவணைகளின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கிப் பூஜ்ஜியத்தில் நிற்கிறது. “இப்ப எடுத்துட்டுப் போங்கண்ணே,” என்கிறாள் வாசலில் நிற்பவரிடம்.