மறதியை நடித்தவன்

அடுத்த வாக்கியம் அவனுக்குத் தெரியும்.

இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

மேடை நடுவில் தனியாக நின்றான். ஒப்பனை இல்லை. வேஷம் இல்லை. அரங்கின் விளக்குகள் எல்லாம் எரிந்தன. எதிரே இருந்தவர்கள் ரசிகர்கள் அல்ல. கூட நடிக்கிறவர்கள், உடை தைப்பவர்கள், திரை இழுப்பவர்கள்.

மூன்றாவது வரிசையில் ராபிகா.

போர் முடிந்த வருஷத்திலிருந்து அவனோடு நடிக்கிறவள். அவனுக்கு மனைவியாக, தங்கையாக, ஒருமுறை தாயாகக்கூட. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பழைய கான் மன்னன் ஒருவனின் வீரத்தைச் சொல்லும் பாட்டைப் பாடிவிட்டாள். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அது 1951. கஜகஸ்தானில் அப்போது பழைய அரசர்களைப் புகழ்வது அரசுக்கு விரோதம்; அந்த மாதிரி ஒரு பாட்டு போதும், ஆளைக் குடும்பத்தோடு வடக்கே பனிக்காட்டுக்கு ஏற்றி அனுப்ப.

இன்று அவளைக் கண்டிக்கக் கூட்டம். முதலில் பேச வேண்டியவன் அவன்.

"நாலே வாக்கியம்," என்று நேற்று சொல்லியிருந்தார் நிர்வாகி கஸிம்பெக். "பேசிவிட்டு அல்மாட்டிக்கு ரயில் ஏறு. படத்தில் நீதான் கதாநாயகன்."

ஆடு மேய்த்த வீட்டில் பிறந்தவன். கூட்டத்தில் ஒருவனாக ஈட்டி பிடித்து நிற்கத்தான் முதலில் மேடை ஏறினான். போருக்குப் போனான், திரும்பினான், அரசர்களாக நடித்தான். ஒரு நாளும் ஒரு வரியைத் தவறவிட்டதில்லை. சினிமாவில் அதுவரை இரண்டே காட்சி. இரண்டிலும் குதிரைக்குப் பின்னால் நின்றான்.

"தோழர்களே," என்று தொடங்கியிருந்தான். முதல் வாக்கியம் வந்தது. மாமூலான வாக்கியம். யாரையும் கடிக்காதது.

இரண்டாவதில் அவள் பெயர் இருந்தது.

அங்கே நிறுத்திவிட்டான்.

நெற்றியைத் தேய்த்தான். மேலே பார்த்தான். வரி மறந்துபோன நடிகர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். கை என்ன செய்யும், தொண்டை எப்படி ஏறி இறங்கும், எல்லாம் தெரியும். ஒவ்வொன்றாகச் செய்தான்.

வியர்வை மட்டும் நடிப்பில்லை.

மேடைக்கு அடியிலிருந்த குழியில், வசனம் எடுத்துக்கொடுக்கும் பெண் கிசுகிசுத்தாள். "ராபிகா நம் அரங்குக்கு..."

அவன் காதைச் சாய்த்தான். கேட்கவில்லை என்று தலையாட்டினான்.

அவள் இன்னும் உரக்கச் சொன்னாள்.

மறுபடியும் தலையாட்டினான்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். கஸிம்பெக் பென்சிலைக் கீழே வைத்தார். அவன் மறக்கிற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் கொஞ்சம் தாங்கினால் போதும். உடம்பு சரியில்லை என்று இறக்கிவிடுவார்கள். வேறு யாரையாவது கூப்பிடுவார்கள். படமும் கை நழுவாது.

ராபிகா எழுந்தாள்.

"'ராபிகா நம் அரங்குக்கு அவமானம்.' அதுதான் வரி." கடைசி வரிசைவரை எட்டும் குரல். "சொல்லிடு, மௌலென். உனக்குக் கைக்குழந்தை இருக்கு. என்னை எப்படியும் விடப்போறதில்லை."

இருமல் நின்றது.

இனி மறதி செல்லாது. வரியைக் கையில் கொடுத்துவிட்டாள். சொல்ல வேண்டும். இல்லையென்றால் மறுக்க வேண்டும்.

அவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அது என் வசனம் இல்லை," என்றான்.

குரல் கம்மியிருந்தது. அரசர்களாக நடித்த குரல் அல்ல. ஆனாலும் கேட்டது.

குழிக்குள் அந்தப் பெண் தாளை மடிப்பது தெரிந்தது.

மேடையிலிருந்து இறங்கினான். யாரும் தடுக்கவில்லை. யாரும் ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. கதவைத் தாண்டும்போது, பின்னால் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் படத்தில் வேறொருவன் நடித்தான். அது பிறகு.

அன்று அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

மனைவி நூரிலா கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். அல்மாட்டிக்கென்று அடுக்கிய பெட்டி. இஸ்திரி போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நூரிலா, நான்..."

"தெரியும்," என்றாள்.

வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலம் முடிந்துவிட்டது. அவள் அலமாரிக்குப் போய்க் கம்பளிக் காலுறைகளை எடுத்து வந்தாள். இருப்பதிலேயே தடித்தவை.

அவனுடையதைப் பெட்டியில் வைத்தாள்.

பிறகு தன்னுடையதை.

பிறகு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தச் சின்ன ஜோடியை.