தோளில் நிற்கிற கூரை

பெடாஸ் ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில், நாலு வருடம் துருப்பிடித்துக் கிடந்த தோட்டத் துரையின் காரின்மேல் மத்தியான வெயில் தகர ஓட்டைகள் வழியே புள்ளி புள்ளியாக விழுகிறது. சிரம்பானிலிருந்து சாயம் பூச வந்த ஹாஜா மைதீன் எந்த வேலை முதலில் என்று சுண்ணக்கட்டியால் எண் போட்டிருக்கிறார். துரு சுரண்டுவது ஒன்று, நெளிவு தட்டுவது இரண்டு, கதவு மூன்று. பால்வெட்டிலிருந்து உதவிக்கு வந்த சடையன் கதவை முதலில் கழற்றிவிட்டான். உள்ளே கரையான் தின்ற மரச்சட்டம் மாவாகக் கொட்ட, காரின் கூரை அவன் தோளில் வந்து உட்காருகிறது. "தகரத்தப் பிரிக்காம மரத்த மாத்த முடியாதுலா, பாய்." "மரத்த மாத்தாம தகரத்தப் பிரிச்சா காரு ஏதுடா? நான் பூச வந்தவன், பொணம் தூக்க வரல." "அப்ப எததான் மொதல்ல செய்யறது?" பாய் தூரிகைக் காம்பால் தாடியைச் சொறிகிறார். நெற்றி வியர்வை சடையனின் கண்ணுக்குள் இறங்குகிறது. துடைக்கக் கை இல்லை. சனிக்கிழமைக்குள் வண்டி தயாராகாவிட்டால் அவன் பழையபடி பால்வெட்டுக்குப் போகவேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி காலையில்தான் சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவருடைய சைக்கிள் மணி செம்மண் பாதையில் கேட்கிறது. பாய் என்ன செய்வதென்று தெரியாமல் சாய டப்பாவைத் திறந்து கலக்குகிறார். மணி வாசலுக்கு வந்துவிட்டது. சடையன் கூரையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கிறான். "என்னையும் சேத்துப் பூசிருங்க, பாய்."