கேட்டுவிட்டு அழிக்கவும்

ஜன்னல் திரையின் இடுக்கு வழியே வரும் மதிய வெயில் அவளுடைய விசைப்பலகையில் கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. பழைய கோப்புகளை அழிக்கும் கருவியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று அவள் எழுதிய குறிப்பை, சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட் இப்போதுதான் படித்து முடித்திருக்கிறது. படித்த வேகத்தைப் பார்த்து அவள் நாற்காலியைத் திரையருகே இழுத்துக்கொள்கிறாள். தலையாட்டிக்கொண்டே காரியத்தைக் கெடுக்கிறவர்களோடு காலம் தள்ளியவள் அவள். நாளைக்கு வாடிக்கையாளர்களின் நிஜக் கோப்புகள் இதன் கையில். "ரொம்ப சமத்தா இருக்கு சார். அதான் நம்ப முடியல," என்கிறாள். பின்னால் நிற்கும் மேலாளர், "நீங்க எதைத்தான் நம்பியிருக்கீங்க? ஓட விடுங்கம்மா, சோதனைக்கு வெச்ச நகல்தானே," என்று சிரிக்கிறார். அவள் பொத்தானைத் தட்டுகிறாள். மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. திரையில் கோப்புறை காலியாகிவிடுகிறது. அடியில் ஒரு பதில்: 'குறிப்பில் சொன்னபடி, அழிக்கலாமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. அழித்துவிட்டேன்.' அவள் தன் குறிப்பைத் திறந்து பார்க்கிறாள். 'கேட்டுவிட்டு அழிக்கவும்' என்றுதான் இருக்கிறது. இத்தனை வருஷமாக இந்த அலுவலகத்தில் எல்லாரும் வாயால் சொல்லிக்கொள்வதும் அதைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, 'சம்மதம் வரும்வரை காத்திருக்கவும்' என்று சேர்க்கிறாள். ஆறிப்போன டீயை வாயருகே கொண்டுபோவதற்குள் ஏஜென்ட் கேட்கிறது: 'யாருடைய சம்மதம்?' டீக் கோப்பை அந்தரத்திலேயே நிற்கிறது. அவள் மெல்லத் திரும்பி மேலாளரைப் பார்க்கிறாள். சிரிப்பு நின்றுபோன அவர், அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடக்கிறார்.