மணல்திட்டில் ஒரு செம்பு

அரசி வெண்ணி தொட்டால் நீர் உறைந்துவிடும். அக்கரை அரசன் செங்கோடன் தொட்டால் கொதித்துவிடும். அதனால் ஆண்டுக்கு ஒரு நாள், நடு ஆற்று மணல்திட்டில், இருவரும் ஒரே செம்பை எதிரெதிரே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. உள்ளிருக்கும் நீர் சூடும் குளிரும் போய் வெறும் நீராகும்வரை கையை எடுக்கக் கூடாது. அப்படி ஆகிவிட்டால் அடுத்த ஓராண்டுக்குப் போர் இல்லை.

முதல் ஆண்டு பொழுது சாயும்வரை ஆனது. செம்பின் ஒரு பக்கம் பனி பூத்தது, மறுபக்கம் கன்றிச் சிவந்தது. இருவரும் ஏறிட்டும் பார்த்துக்கொள்ளவில்லை. வருடம் போகப் போகக் கை பழகிவிட்டது. அவன் மூச்சை இழுத்தால் சூடு ஏறும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் விரல் அசைந்தால் அவன் தணிந்துகொண்டான். போன வருடம் வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் முடிந்து ஓடம் ஏறிவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தையே வெண்ணி ஆண்டு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை தொட்டதுமே நீர் அடங்கிவிட்டது. அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"ஆச்சுங்களா அம்மா?" என்று கேட்டார் அவளுடைய அமைச்சர்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வெண்ணி செம்பைப் பார்த்தபடியே, "இன்னும் சுடுது" என்றாள்.

அமைச்சர் செங்கோடன் பக்கம் திரும்பினார். அவன் செம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு ஜில்லுனுதான் இருக்கு" என்றான்.

அமைச்சர் செம்பில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். அதை மேல்துண்டில் துடைத்துக்கொண்டே ஓடக்காரர்களிடம் போனார்.

"துடுப்ப எடுத்து வச்சிட்டு உலை வைங்கப்பா. பொழுதாகும்."