வாசலைப் பார்த்த நாற்காலி

"இந்த மாதிரி ஒரு சலூனை நான் பாத்ததே இல்ல மாமா" என்றார் மாப்பிள்ளை.

மாமனார் கழுத்தில் வெள்ளைத் துணியோடு, பாதி வெட்டிய தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி தெருவாசலைப் பார்த்து இருந்தது. கண்ணாடி அவர் முதுகுக்குப் பின்னால், உள்சுவரில்.

நாளைக்கு அவர் தபால் ஆபீஸில் மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். நீண்ட மெடிக்கல் லீவு. வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தவரை, "ரேடியோ கடைக்கு மட்டும் போய்ட்டு வாங்கப்பா" என்று மகள் கெஞ்சி, துணைக்குப் புருஷனையும் அனுப்பியிருந்தாள்.

ரேடியோ என்பது சலூன்காரரின் பட்டப்பெயர். வாய் ஓயாத மனுஷன்.

மாப்பிள்ளைக்குக் கடைகளை உள்ளே அழகுபடுத்திக் கொடுக்கும் தொழில். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எதையாவது நகர்த்தி வைக்காவிட்டால் கை அரிக்கும். கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்த ஊருக்கு வந்தார். இங்கே வருஷக்கணக்கில் நடந்த துப்பாக்கிச் சூடெல்லாம் அவருக்குப் பேப்பரில் படித்த சங்கதி. இப்போது எல்லாம் ஓய்ந்துவிட்டது. எதிர்ச்சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பூசி, மேலே பற்பசை விளம்பரம்கூட எழுதியாகிவிட்டது.

"அண்ணே, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிடுங்க. எவ்வளவு எடுப்பா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"ஐயோ, வேணாம் தம்பி. தெருவுல போறவங்க வர்றவங்களப் பாத்தாத்தான் எனக்குக் கை ஓடும். வேடிக்கை பாக்குற புத்தி, என்ன செய்ய" என்று சிரித்தார் ரேடியோ. பிறகு மேஜையைத் துழாவினார். "பிளேடு தீந்துபோச்சு. பக்கத்துக் கடைதான், இதோ வந்துட்டேன்."

பின்கதவைத் திறந்துகொண்டு சந்து வழியாகப் போனார்.

"எதிர்ல வாசல் திறந்து கிடக்கு, இவரு ஊரைச் சுத்திப் போறாரு. கடையும் கோணல், ஆளும் கோணல்" என்றார் மாப்பிள்ளை. "தான் வேடிக்கை பாக்கணும்னு, வந்தவங்களுக்கு முகத்தைக் காட்டாம வெட்டுவாராம். நீங்க உக்காருங்க மாமா."

சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணாடியைப் பார்க்க வைத்தார்.

"இப்பப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

மாமனார் பார்க்கவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். நெற்றியெல்லாம் குப்பென்று வியர்த்தது. மூச்சு வாங்கியது. துணியைக்கூடக் கழற்றாமல் எழுந்துபோய், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"மாமா, என்னாச்சு?"

"வீட்டுக்குப் போலாம். நாளைக்கு வேணாம். என்னால ஆகாது. லீவை நீட்டிக்கறேன்."

மாப்பிள்ளை பின்கதவை எட்டிப் பார்த்தார். பாதித் தலையோடு இவரை வீட்டில் கொண்டுபோய் விட்டால் மனைவியிடம் என்ன சொல்வது?

பின்கதவு திறந்தது. ரேடியோ நாற்காலியைப் பார்த்தார். சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். நாற்காலியைப் பழையபடி வாசலைப் பார்க்கத் திருப்பினார்.

"மரை கழண்டுபோச்சுண்ணே இதுக்கு. தானாவே திரும்பிக்குது. எனக்கும் அதே கேஸுதான்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. தப்பு என்மேல, நீங்க உக்காருங்க."

மாமனார் நகரவில்லை. ரேடியோ அவசரப்படுத்தவும் இல்லை. சீப்பைத் துடைத்தபடி, குழாயில் தண்ணீர் வராத கதையைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனாரின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. வாசலை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மீதி முடியை வெட்டும்போதுதான் மாப்பிள்ளை கவனித்தார். ரேடியோ ஒரு தடவைகூட நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நிற்கவில்லை. முன்முடியைக்கூடப் பக்கவாட்டில் நின்று, இடுப்பு ஒடியக் குனிந்துதான் வெட்டினார்.

கடைசியில் கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். "நாளைக்கு ஸ்டாம்பு வாங்க வருவேன். கவுன்ட்டர்ல நீங்கதான் இருக்கணும், சொல்லிட்டேன்."

மாமனார் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். "வா, இருப்பேன்" என்றார்.

தெருவில் கொஞ்ச தூரம் இருவரும் நடந்தார்கள்.

"மன்னிச்சிடுங்க மாமா. எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ளை? கதவு முதுகுக்குப் பின்னால இருந்தா எனக்கு உயிரே போற மாதிரி இருக்கும். யாரோ உள்ள வர்ற மாதிரியே தோணும். எனக்கு மட்டும் இல்ல, இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு இப்படித்தான். வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் வெளிய சொல்றதில்ல. முடி வெட்ட வர்றதையே நிறுத்திட்டோம். அப்புறம் ஒருநாள் பாத்தா, ரேடியோ நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தான். ஏன்னு கேட்டா, வேடிக்கை பாக்கன்னு ஒரே பாட்டு."

மாப்பிள்ளைக்கு மனசு லேசானது. "நல்லவேளை மாமா, உங்களுக்கும் தோதாப் போச்சு, அவருக்கும் வேடிக்கை பாத்த மாதிரி ஆச்சு."

மாமனார் நின்றார். சலூன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அவன் தம்பி சுடப்பட்டு விழுந்தது அந்த வாசப்படியிலதான் மாப்பிள்ளை. அதைத் தாண்ட முடியாமத்தான் இன்னிக்கும் பின்கதவு வழியாப் போய் வர்றான். நமக்காக நாள் முழுக்க அதையே பாத்துக்கிட்டு நிக்கிறான்."