வெளியே போகும் கணக்கு

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன், மேடம். அப்புறமும் மீட்டிங்ல உங்க லைன் நின்னுச்சுன்னா, திங்கக்கிழமையிலிருந்து ஆபீசுக்கே வந்து உக்காந்துடுங்க."

மேலாளர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் ஆபீசுக்குப் போனால் பகலில் அப்பாவை யார் பார்ப்பது? வலது கையும் காலும் விழுந்து ஒரு வருஷம். கணவனோ மதிய ஷிப்டுக்குப் போனால் திரும்ப இரவாகிவிடும்.

தினமும் காலை பத்து மணிக்குத்தான் இந்தக் கூத்து. மீட்டிங்கில் அவள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிடும். பத்தே முக்காலுக்குத் தானாகச் சரியாகிவிடும்.

"அந்த நேரத்துல வீட்டுல சும்மா இருக்கறது நீங்க ஒருத்தர்தான்," என்றாள் கணவனிடம்.

"சும்மாவா? பாத்திரம் தேய்க்கறேன், துணி காயப் போடறேன்..."

"காதுல ஒயரை மாட்டிக்கிட்டு."

"பாட்டுக் கேக்கறது குத்தமா? சந்தேகமா இருந்தா சோதனை போட்டுக்கோ. அதானே உன் வேலை!"

உண்மையிலேயே அதுதான் அவள் வேலை. எந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு இணையத்தை இழுக்கிறது என்று கம்பெனிகளுக்குக் கணக்கெடுத்துக் கொடுப்பவள். சொந்த வீட்டுக்கு இதுவரை செய்ததில்லை.

பழைய லேப்டாப்பில், கணக்கெடுக்கும் அந்த நிரலை ஏற்றினாள். திரையில் ஒன்றும் தெரியாது. பின்னணியில் ஓடிக்கொண்டே, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் எவ்வளவு பயன்படுத்தியது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கும்.

மூன்று நாள் எழுதியது. மூன்று நாளும் மீட்டிங் நின்றது. கணக்கில் மட்டும் ஒரு தப்பும் இல்லை.

"பார்த்தியா? என் போன், ஏழே எம்பி. என்னை மாதிரி உத்தமன் உனக்கு எங்க கிடைப்பான்?"

"கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

நிரலுக்குத் தான் கொடுத்திருந்த உத்தரவுகளை மேலிருந்து கீழே மறுபடி படித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். கம்பெனிகளுக்குச் செய்த பழக்கத்தில், உள்ளே வருவதை மட்டும் எண்ணச் சொல்லியிருந்தாள். வெளியே போவதை எண்ணச் சொல்லவே இல்லை.

ஒரு வரி சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் மீட்டிங்கைப் பத்தே காலுக்குத் தள்ளியிருந்தார்கள். ஒன்பதே முக்காலிலிருந்தே அவளுக்கு உட்கார முடியவில்லை. நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். பத்து மணிக்கு எண்கள் எகிறின.

"கேமரா!" என்றாள்.

அப்பா எழுந்திருக்க முயன்று விழுந்துவிடக் கூடாதே என்று அவர் அறையில் அவளே மாட்டிய கேமரா. அதிலிருந்து படம் வெளியே போய்க்கொண்டிருந்தது. வீட்டை விட்டு, நாட்டை விட்டு.

"யாரோ நம்ம வீட்டை எட்டிப் பாக்கறான்!" கணவன் கையிலிருந்த ஈரத் துணியோடு ஓடி வந்தான்.

அந்த முகவரி எங்கே இருக்கிறது என்று தேடினாள். ஊர்ப் பெயர் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்கண்ணன் இருக்கற ஊர் இல்ல?"

அம்மா போனபோதுகூட வராத அண்ணன். 'இனிமே என் மூஞ்சியில முழிக்காதே' என்று அப்பா போனை வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா படுத்துவிட்டார் என்று இவள் தெரிவித்ததற்கு வந்தது 'பாத்துக்கோ' என்று ஒரே ஒரு வார்த்தை.

"எப்படியிருக்கார்னு கேக்க வாய் வரல. திருட்டுத்தனமா வேடிக்கை பாக்க மட்டும் தெரியுதா? இவனால இப்ப என் பிழைப்பும் போகுது!"

வெடுக்கென்று பாஸ்வேர்டை மாற்றினாள். எண்கள் படுத்துவிட்டன.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போன் அடித்தது.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" அண்ணன். மூச்சு வாங்கியது.

"இருக்கார். எத்தனை நாளா நடக்குது இது?"

"எட்டு மாசமா."

"எட்டு மாசமா! ஒரு நாளாவது போன் பண்ணத் தோணலையா உனக்கு?"

"பேசத் தைரியம் வரலைம்மா."

"பாஸ்வேர்ட் யார் குடுத்தா?"

"நீ நல்லா இருக்கியா?" என்று பேச்சை மாற்றினான்.

"உன்னைத்தான் கேக்கறேன். யார் குடுத்தா?"

"அதை மட்டும் கேக்காதே," என்று வைத்துவிட்டான்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"சத்தியமா நான் இல்லை!" இரண்டு கைகளையும் தூக்கினான் அவன்.

அப்பாவின் அறையில் கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம். மீட்டிங்குக்கு இன்னும் ஆறு நிமிஷம். ஓடினாள்.

அப்பா தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை கெஞ்சினாலும் பனியனுக்கு மேல் ஒன்றும் போட மாட்டேன் என்பவர், இடது கையாலேயே சட்டையை மாட்டி, பட்டனைக் கோணலாகப் போட்டிருந்தார். தலை வாரியிருந்தது. யாராவது பார்க்கும்போது மட்டும் கேமராவில் எரியும் பச்சை விளக்கு அணைந்திருந்தது; அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்வேர்டை... மாத்திட்டியா?" நாக்குக் குழறியது.

"நீங்களாப்பா குடுத்தீங்க?"

அவர் தன் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதனாலதான்பா என் மீட்டிங் நிக்குது. ரெண்டையும் லைன் தாங்கலை."

"படத்தை வேணா மங்கலா அனுப்பு," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "மொத்தமா மூடிடாதே. அவனுக்கு இப்பதான் தூங்கப் போற நேரம்."